மேற்குத் தாம்பரத்தில் ஒரு கிரவுண்ட் வீடு: விளம்பரம் முதல் பத்திரப் பதிவு வரை

சென்னைப் புறநகரில் ஒரு குடும்பம் 2024-ல் தன் பூர்வீக வீட்டை விற்ற விவரம் இது. வங்கியில் வீட்டுக்கடன் ஆவணங்களைப் பார்க்கும் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இந்தக் குடும்பத்தை எனக்கு நெடுநாளாகத் தெரியும் என்பதால், நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். விலையும் கணக்கும் நடந்தபடி, கொஞ்சம் முழுமையாக்கிய எண்களில்.

பின்னணி

அப்பா 1989-ல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனை வாங்கினார். 1993-ல் தான் வேலை பார்த்த இடத்தின் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து, 1,050 சதுர அடியில் தரைத்தளம் கட்டினார். அதற்கு நகராட்சி அனுமதி இருந்தது. 2004-ல் மாடியில் இரண்டு அறை எழுப்பினார். அதற்கு அனுமதி வாங்கவில்லை. வாசல் தெற்குப் பார்த்தது.

அவர் 2019-ல் இறந்தார். உயில் இல்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. மூத்த மகன் அமெரிக்காவில், மகள் கோவையில், இளையவர் பள்ளிக்கரணையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலியால் 2023-ல் இளையவர் வீட்டுக்குப் போனார். தாம்பரம் வீடு பூட்டிக் கிடந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் தண்ணீர் நின்றது. வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் பூட்டிய வீட்டைப் பற்றிய கவலை அப்போதுதான் உச்சத்துக்குப் போனது. பொங்கல் முடிந்ததும் விற்றுவிடலாம் என்று மூன்று பிள்ளைகளும் வாட்ஸ்அப்பில் பேசி முடிவு செய்தார்கள்.

தை, மாசி: இரண்டு கோடி

விலையை முடிவு செய்தது ஒரு பேச்சு. "எதிர்த்தெருவுல ரெண்டு கோடிக்குப் போச்சாம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதுவே இவர்கள் விலையும் ஆகிவிட்டது. இளையவர் மூன்று தரகர்களிடம் சொன்னார். ஒருவர் 2.10 கோடி என்று போட்டார், இன்னொருவர் 1.95, மூன்றாமவர் 1.85. ஒரே வீட்டுப் படம், மூன்று விலை. வாங்க வருபவர்கள் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்ப்பார்கள். 1.85-ஐப் பார்த்தவர் அதற்குக் கீழேதான் பேச்சைத் தொடங்குவார், 2.10-ஐப் பார்த்தவர் வரவே மாட்டார்.

வந்தவர்களில் சிலர் வாசலில் நின்று திசையைப் பார்த்துவிட்டே கிளம்பினார்கள். தெற்கு வாசல் என்றால் நம் ஊரில் அப்படித்தான், அதற்கு வருத்தப்பட்டுப் பயனில்லை. ஆனால் மற்றவர்கள் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "2015-ல தண்ணி வந்துச்சா?" அந்த டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. தரகர் ஒவ்வொருவரிடமும் "வரவே இல்லை" என்றார். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரோ, கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னார்: "கார் ஷெட் முழுக்கத் தண்ணி. படியில ரெண்டு படி ஏறுச்சு, உள்ள போகல." அது வாங்குபவருக்குத் தாங்கக்கூடிய செய்திதான். வீட்டுக்கு மூன்று படி உண்டு. ஆனால் தரகரின் பொய்யைக் கேட்டபிறகு அதே செய்தி வேறு மாதிரி ஒலித்தது. இதை மட்டும் மறைத்தார்களா, இன்னும் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்துவிடும். அப்படிப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

பங்குனி: கைவிட்டுப் போன நல்ல வாய்ப்பு

மார்ச்சில் ஆசிரியர் தம்பதி ஒன்று வந்தது. இருவருக்கும் சம்பளம், வங்கிக் கடன் கிடைக்கும், பள்ளி திறப்பதற்குள் குடிவந்துவிட வேண்டும் என்ற அவசரம். 1.58 கோடி தருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதே அவர்கள் ஆவண நகல்களை வங்கி வக்கீலிடம் கொடுத்துவிட்டார்கள்.

வக்கீல் கருத்துரையில் வந்தவை இவை. அப்பா பெயரில்தான் கிரயப் பத்திரம், ஆனால் வாரிசுச் சான்றிதழ் எடுக்கவில்லை. பட்டா இன்னும் மனை போட்ட பழைய நிலச் சொந்தக்காரர் பெயரில், கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழில் 1993-ல் கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்த அடமானம் அப்படியே நிற்கிறது. மூத்த மகன் வெளிநாட்டில் இருப்பதால் அவர் கையெழுத்துக்கு வழி சொல்லவில்லை. மாடிக்கு அனுமதி இல்லை.

அடமான விஷயம் குடும்பத்துக்கே அதிர்ச்சி. அப்பா 2006-லேயே கடனை அடைத்துவிட்டார், அசல் பத்திரமும் வீட்டு பீரோவில் இருந்தது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவில்லை. இது மிகச் சாதாரணமாக நடப்பது. பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். வில்லங்கச் சான்றிதழில் அந்த அடமானப் பதிவு அழியாது. தீர்ந்ததைச் சொல்லும் இன்னொரு பதிவு கீழே வந்தால்தான் வக்கீல் ஒப்புவார்.

இதையெல்லாம் சரிசெய்யக் குறைந்தது நாலு மாதம் ஆகும் என்று தெரிந்ததும் தம்பதி மன்னிப்புக் கேட்டு விலகி, வேறு வீடு வாங்கிவிட்டார்கள்.

சித்திரை: பில்டர்

அடுத்து ஒரு பில்டர் வந்தார். இடித்துவிட்டு நான்கு வீடு கட்டுவது அவர் திட்டம். "பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கறோம், சார். 1.20 முழுசா, ஒரே தவணை." அவர் மேல் எனக்குக் குறை இல்லை. பட்டா, ரசீது, வாரிசு என்று அலையும் வேலைக்கும், அதில் முடங்கும் பணத்துக்கும் அவர் போட்ட விலை அது. சலித்துப்போயிருந்த பிள்ளைகள் சரி என்று சொல்லும் நிலையில் இருந்தார்கள். அப்போதுதான் இளையவர் என்னிடம் வந்தார்.

நான் அவர்களிடம் சொன்னது ஒன்றுதான். மார்ச்சில் 1.58, ஏப்ரலில் 1.20. இடையில் தாம்பரத்தில் நில விலை விழவில்லை. மாறியது வாங்குபவரின் வகை. ஆவணம் முழுமையாக இருந்தால் சம்பளக்காரர் வங்கிக் கடனோடு வருவார். குறையாக இருந்தால் கையில் முழுப்பணம் வைத்திருப்பவர் மட்டும் வருவார். அப்படிப்பட்டவர்கள் சிலர்தான், அவர்கள் சொல்வதுதான் விலை. 38 லட்சம் வித்தியாசத்தில் பெரும்பகுதி பட்டாவுக்கும் அந்த ஒரு ரசீதுக்கும் கொடுக்கும் விலை. அதை நாமே செய்துகொள்ள முடியுமா என்று பார்க்கலாம் என்றேன்.

பில்டரிடம் வேண்டாம் என்று சொன்னார்கள். விளம்பரங்களை முழுவதும் எடுத்தார்கள். இது எளிதான முடிவு அல்ல. மூத்தவர் "ஆறு மாசம் கழிச்சு இதுவும் கிடைக்கலன்னா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் காலி வீட்டுக்கு ஆகும் செலவு சொத்து வரியும் மின்கட்டணமும்தான். கடன் எதுவும் இல்லை, யாருக்கும் உடனடிப் பணத்தேவையும் இல்லை. காத்திருக்க முடிகிற குடும்பம் இது. முடியாத குடும்பமாக இருந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

அம்மா

அதுவரை அம்மாவிடம் யாரும் விரிவாகப் பேசவில்லை. கையெழுத்துப் போடுவார் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் போய் உட்கார்ந்து, வீட்டில் நாலில் ஒரு பங்கு சட்டப்படி அவருடையது என்று சொன்னபோது, "எனக்கு எதுக்கு, பசங்களுக்குத்தானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா தம்பி, என் பங்கு என் பேர்லயே பேங்க்ல இருக்கட்டும். மருந்துக்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்க வேண்டாம் பாருங்க" என்றார். இளையவருக்கு முகம் சுருங்கியது. அவர் ஒருநாளும் அம்மாவுக்குக் குறை வைத்தவரில்லை. ஆனாலும் அம்மா கேட்டது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விற்பனையின் முதல் நிபந்தனையாக அதை எழுதிவைத்தோம்: நாலு பேர் பணமும் நாலு கணக்குக்கு நேராகப் போகும்.

வைகாசி முதல் ஆடி வரை: காகித வேலை

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மூலம் விண்ணப்பித்து, ஜூனில் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்தது. சங்கம் நல்லவேளையாக இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. பழைய பேரேட்டில் 2006-ல் கணக்கு முடிந்த பதிவைக் கண்டுபிடித்து, அவர்கள் ஆளே வந்து ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து கொடுத்தார். சங்கம் கலைக்கப்பட்டிருந்தால் இந்த ஒரு வேலையே வருடத்தைத் தின்றிருக்கும்.

பட்டாவுக்கு உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தது. ஜூலையில் சர்வேயர் வந்தார். பின்பக்க மூலைக்கல் தென்னைமரத்து வேரடியில் மண்ணுக்குள் கிடந்தது. தோண்டி எடுத்த பிறகுதான் அளவே தொடங்கியது. டேப் பிடித்து முடித்தபோது மனை 2,340 சதுர அடி என்று வந்தது. பத்திரத்தில் 2,400. அறுபது சதுர அடி தெருப்பக்கம் போயிருந்தது. சாலை போடும்போது காம்பவுண்டை உள்ளே தள்ளிக் கட்டியது அம்மாவுக்கு நினைவிருந்தது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். ஆனால் இது வாங்குபவரின் சர்வேயர் கண்டுபிடித்திருந்தால், அட்வான்ஸ் வாங்கிய பிறகு பேரம் மறுபடி தொடங்கியிருக்கும். இப்போது அது நாமே சொல்லும் எண். ஆகஸ்ட் கடைசியில் நாலு வாரிசுகள் பெயரிலும் பட்டா வந்தது.

மூத்தவருக்குத் தம்பிக்குப் பொது அதிகாரம் எழுதிக்கொடுக்கத் தயக்கம். அண்ணன் தம்பிக்குள் நம்பிக்கை இல்லை என்பதல்ல. கையெழுத்தை மொத்தமாகக் கொடுக்க யாருக்குமே மனம் வராது. அதனால் அதிகாரத்தை இந்த ஒரு சொத்துக்கு மட்டும் சுருக்கினோம். குறைந்தபட்ச விலையையும், அவர் பங்கு வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கு மட்டுமே போக வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதினோம். இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதை முடித்தோம்.

ஆடியில் யாரும் வீடு பார்க்க வரமாட்டார்கள். இந்த வேலைகளுக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை.

விலை

பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு விற்பனை விலையைச் சொல்லாது. பேச்சு வழக்கில் வரும் விலையும் நம்பத்தக்கதல்ல. நான் வங்கியில் இருந்தபோது பயன்படுத்திய ஒரு வழி உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் எந்த சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்றிதழ் எடுக்கலாம், அதில் கைமாற்றுத் தொகை இருக்கும். பலர் வழிகாட்டி மதிப்புக்கே பதிந்துவிடுவதால் அந்தத் தொகையை அப்படியே நம்ப முடியாது. ஆனால் கிரயம் பதிவான அன்றோ சில நாளிலோ, அதே சொத்துக்கு வங்கியிடம் உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பதிவு வந்திருந்தால், வாங்கியவர் கடன் எடுத்திருக்கிறார் என்று பொருள். கடன் வேண்டுமென்றால் விலையைக் குறைத்துப் பதிய முடியாது. ஆகவே அந்தக் கைமாற்றுத் தொகை உண்மைக்கு மிக அருகில் இருக்கும்.

அப்படித் தேடியதில், அதே தெருவில் வடக்குப் பார்த்த 2,400 சதுர அடி மனை, பழைய வீட்டோடு, 2022-ல் 1.70 கோடிக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன இரண்டு கோடியும் உண்மைதான். ஆனால் அது பெரிய சாலை முனையில் இருந்த 2,800 சதுர அடி மனை.

தெற்கு வாசலுக்கும் வெள்ள நினைவுக்கும் கழித்து, சதுர அடி 6,400 என்று வைத்தோம். 2,340-க்கு ஏறத்தாழ 1.50 கோடி. முப்பது வருடக் கட்டடத்துக்குப் பதினொரு லட்சம். மாடி அறைகளுக்கு ஒரு ரூபாயும் சேர்க்கவில்லை. அனுமதி இல்லாத கட்டடத்துக்கு வங்கி மதிப்பீட்டாளர் மதிப்புப் போடமாட்டார். சொத்து வரி கட்டினால் அனுமதி கிடைத்ததாக ஆகாது. மொத்தம் 1.61. பேரத்துக்கு இடம் வைத்து 1.65 கேட்பது என்று முடிவு.

வாங்குபவர் பையிலிருந்து போவது விலை மட்டுமல்ல என்பதையும் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கடனில் வங்கி சொத்து மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது, இந்தப் பதிவுச் செலவும் அதில் சேராது. 1.56 கோடி வீடு என்றால் கடன் அதிகபட்சம் 1.17 கோடி. மீதி 39 லட்சமும் பதிவுக்கு 14 லட்சமும் அவர் சேமிப்பிலிருந்து வர வேண்டும். நாம் இரண்டு லட்சம் ஏற்றினால் அவருக்கு அது சம்பளத்தில் கட்டும் தவணை அல்ல, பெரும்பாலும் நகையை விற்றுக் கொண்டுவரும் பணம். இதைப் புரிந்துகொண்ட பிறகு பேரத்தில் பிள்ளைகளின் பேச்சே மாறியது.

வீட்டைத் தயார் செய்தது

மகள் ஆறு லட்சத்துக்குப் புது சமையலறையும் டைல்ஸும் போடலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஒரு கிரவுண்ட் வீட்டை வாங்குபவர் தன் விருப்பப்படி மாற்றுவார் அல்லது இடிப்பார். நம் ரசனைக்கு அவர் பணம் தரமாட்டார். வீட்டைப் பார்க்கும்போது அவருக்குப் பயம் வரவைக்கும் விஷயங்களை நீக்குவதுதான் நம் வேலை.

பூட்டிய வீட்டின் ஈர வாடை முதல் பயம். மொட்டைமாடியில் தண்ணீர் இறங்கிய இடத்தைச் சரிசெய்து, கரையான் மருந்து அடித்து, உள்ளே வெள்ளையடித்தார்கள். போர்வெல் மோட்டார் பழுதாகி ஒரு வருடமாகக் கிடந்தது. அதை மாற்றியது மிகப் பயனுள்ள செலவு. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுவதை நம் ஊரில் எல்லோரும் திறந்து பார்ப்பார்கள். சம்ப், மேல்தொட்டி கழுவி, புதர் வெட்டி, பழைய சாமான்களை எடுத்தார்கள். மொத்தம் ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்தது. எதிர்வீட்டு அம்மாவிடம் சாவி கொடுத்து, தினமும் காலையில் ஜன்னல்களைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்தார்கள்.

2015-ல் தண்ணீர் ஏறிய உயரத்தைப் படியருகில் சுவரில் பெயின்ட்டால் கோடு போட்டோம். தரகருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு படி மிச்சம் இருப்பது வந்தவர் கண்ணுக்குத் தெரிந்தது. அப்புறம் யாரும் இஸ்திரி வண்டிக்குப் போகவில்லை. போனாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

ஜூலை 23

அன்றைய பட்ஜெட்டில் நீண்டகால மூலதன ஆதாய வரி மாறியது. வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் சீரமைப்பு போய், 12.5 சதவீதம் வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதற்றம். பிறகு, ஏற்கெனவே வைத்திருந்த நிலம், வீட்டுக்கு உள்நாட்டில் வசிப்பவர்கள் பழைய 20 சதவீத முறையையும் தேர்ந்தெடுக்கலாம் என்று திருத்தம் வந்தது. வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்தத் தேர்வு இல்லை. ஆடிட்டர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பழைய சொத்து என்பதால் வாங்கிய விலைக்குப் பதிலாக எடுத்துக்கொண்ட 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பு 12 லட்சம். அடிப்படை 100-க்கு 363 என்ற பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்தினால் 43.56 லட்சம். 1.56 கோடிக்கு விற்றால் பழைய முறையில் வரி 22.5 லட்சம், புதிய முறையில் 18 லட்சம். ஆளுக்கு 4.5 லட்சம், அதற்கு மேல் 4 சதவீதம் செஸ். புதியதுதான் லாபம். பல வருடம் முன்பு மலிவாக வாங்கி, விலை பல மடங்கு ஏறிய மனைகளுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். செய்தியைக் கேட்டுப் பதறுவதற்கு முன் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

மூத்தவர் பங்கில் வாங்குபவர் வரி பிடித்தம் செய்ய வேண்டும். அது ஆதாயத்துக்கு அல்ல, அவருக்குப் போகும் முழுத் தொகைக்கும். 39 லட்சத்துக்கு, செஸ்ஸும் சேர்த்து 13 சதவீதம், 5.07 லட்சம். அவருடைய உண்மையான வரி 4.68 லட்சம். 39 ஆயிரம் வித்தியாசத்துக்காகக் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதைவிட, பின்னால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம் என்று முடிவு செய்தோம். பழைய விகிதத்தில் இந்தப் பிடித்தம் எட்டு லட்சத்தைத் தாண்டியிருக்கும். அப்போது முடிவு வேறாக இருந்திருக்கும்.

ஆவணி: மறுபடி சந்தைக்கு

ஒரே தரகர், ஒரே விலை. தரகு ஒரு சதவீதம். ஆவணி பிறந்ததும் அறிவித்து, பட்டா வந்ததும் அதையும் சேர்த்து, எல்லா நகல்களையும் ஒரே கோப்பில் போட்டு, கேட்பவருக்குக் கொடுத்தோம். முதல் பக்கத்திலேயே மூன்று விஷயம் எழுதியிருந்தது: அளவு 2,340, மாடிக்கு அனுமதி இல்லை, ஒரு விற்பனையாளர் வெளிநாட்டில்.

ஒருவர் 1.62 என்றார், அதில் 60 லட்சம் ரொக்கம். கேட்டதும் மகளுக்கு ஆசை வந்தது உண்மை. ஆனால் சொத்து விற்பனையில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். மூத்தவரால் ரொக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவும் முடியாது. அம்மா பங்கு வங்கியில் போய்ச் சேரவும் செய்யாது. மறுத்தார்கள். இன்னொருவர் சிறு அட்வான்ஸ் கொடுத்து எட்டு மாத ஒப்பந்தம் கேட்டார். அந்த எட்டு மாதத்தில் நம் வீட்டை வேறொருவருக்குக் கைமாற்றுவதுதான் அவர் எண்ணம். அவரையும் விட்டோம்.

மூன்றாவதாக வந்த மென்பொருள் வேலைக்காரத் தம்பதி 1.50-ல் தொடங்கி 1.56-ல் நின்றார்கள். வங்கி வக்கீல் கருத்துரை ஒரு வாரத்தில் குறையின்றி வந்தது. புரட்டாசி பிறக்கும் முன் ஒப்பந்தம் போட்டோம். மூன்று மாதக் கெடு, அட்வான்ஸ் வங்கி மூலம். வெளிநாட்டுக்காரருக்கு வரி பிடிக்க வாங்குபவர் வரி பிடித்தம் செய்பவருக்கான டான் எண் எடுக்க வேண்டும் என்றதும் கொஞ்சம் மிரண்டார்கள். அந்த வேலைக்கான ஆடிட்டர் கட்டணத்தை விற்பவர்களே ஏற்றுக்கொண்டோம். சில ஆயிரம் ரூபாயில் பெரிய தயக்கம் தீர்ந்தது.

மழையும் பதிவும்

அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. கொட்டும் மழையில் வாங்குபவர் தானே கிளம்பி வந்து தெருவில் நின்று பார்த்தார். கணுக்கால் தண்ணீர். முதல் படி ஏறவில்லை. படமெடுத்துக்கொண்டு போனார், மறுபேச்சு இல்லை. நாம் சொன்னதற்கும் அவர் கண்டதற்கும் வேறுபாடு இல்லாததால்தான் ஒப்பந்தம் அந்த மழையைத் தாண்டியது என்று உறுதியாக நம்புகிறேன்.

வங்கி மதிப்பீட்டாளர் 1.50 கோடி என்று எழுதினார், மாடியை விட்டுவிட்டு. கடன் நாலரை லட்சம் குறைந்தது. அவர்கள் அதைச் சமாளிக்க மூன்று வாரம் கேட்டார்கள், கொடுத்தோம். கார்த்திகையில், மார்கழி பிறக்கும் முன் ஒரு முகூர்த்த நாளில் பதிவு நடந்தது. அதிகாரம் எழுதிக்கொடுத்த மூத்தவர் உயிருடன் இருப்பதைக் காட்டும் உயிர்வாழ் சான்று புதிதாக வாங்கி வைத்திருந்தோம். அம்மா சக்கர நாற்காலியில் வந்து கைரேகை வைத்தார். நாலு பேருக்கும் நாலு கணக்கில் பணம் சேர்ந்ததை அங்கேயே போனில் சரிபார்த்த பிறகுதான் சாவி கைமாறியது. அக்டோபர் 1 முதல் எல்லா விற்பனையாளர் பங்கையும் கூட்டித்தான் வரி பிடித்தத்துக்கான 50 லட்ச வரம்பு பார்க்கப்படுகிறது என்பதால், உள்நாட்டில் இருக்கும் மூன்று பேருக்கும் தலா ஒரு சதவீதம் பிடித்தம் ஆனது.

அம்மா பங்கில் வரியைச் சேமிக்க ஐந்து வருட மூலதன ஆதாயப் பத்திரம் வாங்கலாமா என்று பேச்சு வந்தது. 5.25 சதவீத வட்டியில் அவர் வயதுக்கு ஐந்து வருடம் பணத்தை முடக்குவது சரியில்லை என்று நினைத்தோம். வரியை ஒதுக்கிவிட்டு, 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் அவர் கணக்குக்கு வருகிறது.

மறுபடி செய்வதென்றால்

வாரிசுச் சான்றிதழும் பட்டா மாற்றமும் 2020-லேயே நடந்திருக்க வேண்டும். விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் கூட. அப்படி இருந்திருந்தால் ஆசிரியர் தம்பதியோடு 2024 ஏப்ரலிலேயே விற்பனை முடிந்திருக்கும். ஆனால் 60 சதுர அடி குறைவு அப்போதும் வெளியே வந்திருக்கும், அதனால் 1.58 அப்படியே கிடைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன்.

விலையை வாய்விட்டுச் சொல்வதற்கு முன் மனையை அளந்திருக்க வேண்டும். தையில் இரண்டு கோடி என்று ஊரெல்லாம் பரவிய பிறகு ஆவணியில் 1.65 என்றபோது, "வீட்டுல ஏதோ பிரச்சினை" என்று பேச்சு எழுந்தது. வந்தவர் ஒவ்வொருவரிடமும் தரகர் அதை விளக்க வேண்டியிருந்தது.

மாடிக்கு அப்பா 2004-லேயே அனுமதி வாங்கியிருந்தால் மதிப்பீட்டில் சில லட்சமாவது கூடியிருக்கும். கடைசி மூன்று வார இழுபறியும் வந்திருக்காது.

காலம் பற்றி எனக்கும் இளையவருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அடுத்த தை வரை காத்திருந்தால் கூடுதலாக ஐந்து லட்சம் கிடைத்திருக்கும் என்கிறார் அவர். தையில் வாங்குபவர்கள் அதிகம் என்பது சரிதான். ஆனால் பதிவுக்குச் சில நாள் முன்புதான் ஃபெஞ்சல் புயல் வந்து போயிருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே தண்ணீர் ஏறாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத தெருவில், ஒரு மழைக்காலத்தை அட்வான்ஸ் வாங்கிய கையோடு கடந்ததே நல்லது என்பது என் எண்ணம்.